தலைப்பு கடைசியில் வரும்

சட்டமன்றத்தில் வேலை என்று சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் சட்டையைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு, "டிவில உங்களப் பார்த்ததே இல்லையே" என்பார்கள். பார்த்திருக்க முடியாது. என் வேலை பேசுகிற வேலை இல்லை. ஒரு சட்டமுன்வடிவு நிறைவேறும்போது பேரவைத் தலைவர் எதற்குப் பிறகு எதைக் கேட்க வேண்டும் என்ற வரிசையைத் தாளில் அடித்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். அவர் அதைப் பார்த்து வாசிப்பார். "நாட்டுல சட்டம் போடுறதே நாங்கதான்" என்று நான் வீட்டில் அலட்டிக்கொள்வதும், "ஆமா, ஜெராக்ஸ் போடுறதும் நீங்கதான்" என்று மனைவி என் காலை வாருவதும் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது.

ஒரு சட்டம் பிறக்கிற விதம் வெளியில் தெரிவதைவிட நிதானமானது. முதலில் அமைச்சர் அதை அறிமுகம் செய்வார். இப்படி ஒன்று வரப்போகிறது என்று அவைக்குச் சொல்வது, அவ்வளவுதான். பிறகு ஆய்வுக்கு எடுப்பார்கள். எதற்கு இது, யாருக்கு இது என்று இரண்டு பக்கமும் பேசுவார்கள், சமயத்தில் கத்துவார்கள். அது முடிந்ததும் பிரிவு பிரிவாக எடுப்பார்கள். இந்தப் பிரிவு இதன் பகுதியாக அமையலாமா என்று பேரவைத் தலைவர் கேட்பார். ஏற்போர் 'ஆம்' என்க, ஏற்காதோர் 'இல்லை' என்க. குரல்கள் எழும். யாரும் தலையை எண்ணுவதில்லை. எண்ணித்தான் ஆக வேண்டும் என்று எவராவது பிடிவாதம் பிடித்தாலொழிய, எந்தப் பக்கம் குரல் ஓங்கியது என்று பேரவைத் தலைவரின் காது சொல்கிறதோ அதுதான் முடிவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தச் சட்டத்துக்கும் அதன் பெயர் முதல் பிரிவில்தான் இருக்கும். ஆனால் அவையில் எடுக்கும்போது இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்குவார்கள். கடைசிப் பிரிவு வரை ஆம், ஆம் என்று முடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால்தான் முதல் பிரிவுக்கும் தலைப்புக்கும் வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. காரணத்தை எங்கள் பிரிவு அலுவலர்தான் சொன்னார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த பெண்மணி அவர், எங்களுக்கெல்லாம் மேடம். போகிற வழியில் திருத்தம் வரலாம், ஒரு பிரிவு விழலாம், ஒன்று சேரலாம். உள்ளே என்ன நிலைத்தது என்று தெரிந்த பிறகுதானே அதற்கு என்ன பெயர் பொருந்தும் என்று சொல்ல முடியும்? அதற்காகத்தான் பெயர் பொறுமையாகக் காத்திருக்கிறது என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். வரிசை கைப்பழக்கமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் எல்லாம் நேர்மாறாக நடந்தது. மனைவி கருவுற்று வயிறு சரியாகத் தெரிவதற்குள் பெயர்ச் சண்டை ஆரம்பமாகிவிட்டது. நான் மாடம்பாக்கத்துக்காரன். அங்கே சிவன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா தனியாக இருக்கிறார். மனைவி பல்லாவரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அவள் அம்மா, எனக்கு அத்தை, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில், வாடகைக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அத்தை வருவார், வாயில் ஒரு புனிதையின் பெயர் இருக்கும். பிரதோஷம் முடிந்து அப்பா வருவார், வாயில் ஓர் அம்மன் பெயர் இருக்கும். இருவரும் ஒரே நாளில் வந்துவிட்டால் காபி ஆறிப்போகும். ஆளுங்கட்சி யார், எதிர்க்கட்சி யார் என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. மனைவி மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து நிமிராமல், "ரெண்டு பேரும் சத்தம் போடாம எழுதுங்க" என்பாள்.

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. குழந்தை ரொம்ப முன்னதாகவே வந்துவிட்டது, விளையாட்டு நின்றுபோனது.

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்குபேட்டரில் என் மகள். என் உள்ளங்கையில் தலையும் முழங்கைக்குச் சற்று முன்னால் பாதமுமாக அடங்கிவிடுகிற அளவு. வாயில் டியூப், மூச்சுக்கு வென்டிலேட்டர். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் அவள் அம்மாவின் பெயரைப் போட்டு, இன்னாருடைய குழந்தை என்று எழுதியிருந்தார்கள். முதல் தடவை உள்ளே விட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். முகம் சுருங்கியது, வாய் கோணியது, கை கால் உதறியது. சத்தம் மட்டும் வரவில்லை.

நான் பயந்துபோய் நர்ஸைப் பார்த்தேன். "டியூப் குரல்வளைக்கு நடுவுல போகுதுல்ல சார், அதான் சத்தம் வராது. அழுறது நல்லதுதான்" என்றார்.

நாள் முழுக்கக் குரல்களின் நடுவே வேலை பார்க்கிறவன் நான். கத்தல், கூச்சல், வெளிநடப்பு, மேசைத் தட்டல் எல்லாம் பழக்கம். சத்தமில்லாத ஓர் அழுகைக்கு முன்னால் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் நல்லவர். பொய் சொல்லமாட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. எப்போது கேட்டாலும், "இப்போதைக்கு ஓகே" என்பார். "இப்போதைக்கு ஸ்டேபிள்." அந்த 'இப்போதைக்கு' என்ற சொல் எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஜெபமாலை. "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாவது ஆயிடும்னு நான் சொல்லல. ஆனா ஞானஸ்நானம் இல்லாம குழந்தை இருக்கக் கூடாது. ஃபாதர் வரணும்னுகூட இல்ல, அவசரத்துக்கு நர்ஸே குடுக்கலாம். ஒரு பேர் மட்டும் முடிவு பண்ணிச் சொல்லுங்க. எந்தப் பேரா இருந்தாலும் சரி." எந்தப் பெயராக இருந்தாலும் சரி என்று அத்தை சொன்னதுதான் என்னை உலுக்கியது. மாதக்கணக்கில் விட்டுக்கொடுக்காதவர்.

மாலை அப்பா. "சாமிகிட்ட வேண்டிக்கப் போறேன்டா. அர்ச்சனைக்குப் பேர் கேப்பாங்க. யாருக்குன்னு சொல்றது? சட்டுனு ஒண்ணு வெச்சுடு. அவங்க வீட்டுப் பேரா இருந்தாலும் பரவால்ல." அத்தையின் குரலில் இருந்த பயம்தான் அவர் குரலிலும் இருந்தது.

மூன்றாவதாக மருத்துவமனை அலுவலக ஊழியர். பிறப்புப் பதிவுக்கு விவரம் அனுப்ப வேண்டும், குழந்தை பெயர் என்ன என்றார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மனைவியிடம் போனேன். அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் படுத்திருந்தாள். பெயர் என்று ஆரம்பித்ததுமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணாம். பேர் வெச்சு, அவ போயிட்டா, அந்தப் பேர எங்க கேட்டாலும் நான் அழணும். என் கிளாஸ்ல எத்தன பொண்ணுங்க இருக்காங்க தெரியுமா? அட்டெண்டன்ஸ் எடுக்கணும் நானு." நான் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கூட்டத்தொடர். அவள்தான் போகச் சொன்னாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு வேலையாவது நடக்கட்டும் என்றாள். ரயிலில் போய்க் கோட்டை நிலையத்தில் இறங்கி, என் இடத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எடுக்கவிருந்த சட்டமுன்வடிவுக்குத் தாள் அடித்தேன். சின்னச் சட்டம், ஏதோ ஒரு திருத்தம். கை தானாக அடித்தது. மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். அலுவலகத்தில் அளந்து பேசுகிறவர், மனசு இளகினால் மட்டும் ராயபுரத்துப் பேச்சு எட்டிப்பார்க்கும். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "இன்னா சார் இது, தலைப்ப மொதல்ல வெச்சிட்டீங்க?" என்றார்.

பார்த்தேன். முதல் வரியிலேயே முதல் பிரிவு, சுருக்கத் தலைப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனேன், அழுகைதான் வந்தது. அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

மேடம் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். ஞானஸ்நானம், அர்ச்சனை, பிறப்புப் பதிவு, எல்லோரும் பெயர் கேட்பது, மனைவி சுவர்ப் பக்கம் திரும்பியது எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பேருக்கு இன்னா சார் அவசரம்?" என்றார். "கொயந்த இப்பதான் உள்ள வந்துகீது. ஒவ்வொரு பிரிவா பாஸ் ஆவட்டும். மூச்சு ஒண்ணு, பாலு ஒண்ணு. தலைப்பு கடைசிலதான். நம்ம பொழப்பே அதானே? போங்க, போயி வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க." பேனாவால் என் தாளில் முதல் வரியைச் சுழித்து, அங்கிருந்து அடிவரைக்கும் ஓர் அம்பு போட்டார்.

ரயிலில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மனைவி பெயர் வேண்டாம் என்றது பயத்தில். மேடம் இப்போது வேண்டாம் என்றது வேறு. கேட்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. ஒன்று கதவைச் சாத்துகிறது, இன்னொன்று திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

வார்டுக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உன் பொண்ணு இப்ப எந்தக் கட்டத்துல இருக்கா தெரியுமா?" என்றேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "அறிமுகம் ஆயிடுச்சு. இப்ப பிரிவு பிரிவா போயிட்டிருக்கு. தலைப்பு கடைசில வரும். அதுவரைக்கும் யாரும் அவகிட்ட பேர் கேக்கக் கூடாது. அவை விதி."

அவள் சிரித்தாள். தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். "லூசு" என்றாள். குழந்தை பிறந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்த 'லூசு' எனக்கு எந்தப் பட்டத்தையும்விடப் பெரிது.

அவளே அத்தையைக் கூப்பிட்டாள். "அம்மா, ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லு. பேர் மட்டும் வேணாம்." அத்தை ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "தெரிய வேண்டியவருக்குப் பேர் தெரியும்" என்றார். அன்று மாலை அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெபிக்க, கேரளத்துக்கார நர்ஸ் ஒருவர் பஞ்சில் நனைத்த சுத்தமான தண்ணீரை மகளின் நெற்றியில் சொட்டுச் சொட்டாக விட்டார். அப்பாவும் கூடவே நின்றார். அவர் மறுநாள் காலையில் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருக்கிறார். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். நட்சத்திரம் சொல்லிவிட்டு, பெயருக்கு, "பேத்தின்னு சொல்லுங்க சாமி, போதும்" என்றாராம். குருக்களும் சமஸ்கிருதத்துக்கு நடுவே பேத்தி என்றே சொல்லி அர்ச்சனை செய்தாராம். அப்பா இதை என்னிடம் சொல்லும்போது குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து மடித்து, பிரித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

மீதி இருந்தது மருத்துவமனை அலுவலகம். போய் நின்று, பெயர் இன்னும் வைக்கவில்லை என்றேன். பெரிய சிக்கலாகும் என்று நினைத்திருந்தேன். அந்த ஊழியர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரவால்ல சார், காலியா விட்டுடலாம். பேர் இல்லாமலே பிறப்பப் பதிவு பண்ணலாம். பேர அப்புறம் வந்து சேத்துக்கலாம். சட்டத்துலயே இருக்கு" என்றார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த நிமிடம்தான் அதை முதல் முறையாகக் கேட்டேன். அப்புறம். டாக்டர்கள் எல்லோரும் இப்போதைக்கு, இப்போதைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில், என் மகளுக்கு ஓர் 'அப்புறம்' உண்டு என்று சொன்னது சட்டம் ஒன்றுதான். எப்போதோ, எந்த அவையிலோ, யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்: பிறந்த உடனே பெயர் சொல்ல முடியாத அப்பா அம்மாக்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று. என்னைப் போல ஒருவன் அதற்குத் தாள் அடித்திருப்பான். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, பாதிப் பேர் அரைத் தூக்கத்தில், அந்தப் பிரிவுக்கு 'ஆம்' சொல்லியிருப்பார்கள். அந்த அரைத் தூக்க 'ஆம்' இத்தனை தூரம் வந்து குரோம்பேட்டையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது. அந்த ஊழியரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிரிவுகள் சுலபமாகப் போகவில்லை. எடை ஏறும், இறங்கும். குழாய் வழியாகப் பால் ஏற்றுக்கொள்வாள், மறுநாள் மறுத்துவிடுவாள். ஒரு தடவை நோய்த்தொற்று என்றார்கள். நானும் மனைவியும் அன்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. தேறியதும் அவள் போனில், "அந்தப் பிரிவு தள்ளி வெச்சிருந்தாங்க, இப்ப பாஸ்" என்றாள். இந்தப் பாஷையைத் தவிர வேறு பாஷையில் அப்போது எங்களால் குழந்தையைப் பற்றிப் பேச முடியவில்லை. நேராகப் பேசினால் உடைந்துவிடுவோம் என்று இருவருக்கும் தெரியும்.

டியூபை எடுத்த அன்று நான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மீனம்பாக்கம் தாண்டும்போது போன். "கேக்குதா? கேக்குதா உனக்கு?" என்கிறாள். தலைக்கு மேலே விமானம் இறங்குகிறது, பக்கத்தில் ஒருவர் சமோசா விற்கிறார், எதிர்த்தடத்தில் ஒரு விரைவு ரயில். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கேக்குது, கேக்குது" என்றேன். குரோம்பேட்டையில் இறங்கி ஓடினேன். நடைமேடையிலேயே ஒருவரை இடித்துத் திட்டு வாங்கினேன்.

உள்ளே போனபோதும் அழுகை நிற்கவில்லை. எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம். கரகரவென்று, விட்டு விட்டு. வாழ்க்கையில் எத்தனையோ குரல் வாக்கெடுப்புக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு குரல், அதிலும் முக்கால்வாசி காற்று. எனக்கு அது போதுமாக இருந்தது. நர்ஸ் என் சட்டைப் பட்டன்களைக் கழற்றச் சொல்லி, அவளை என் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டார். சூடாக இருந்தாள். அப்படியே அடங்கித் தூங்கிப்போனாள். நான் மூச்சைப் பெரிதாக விடக்கூடப் பயந்துகொண்டு கிடந்தேன்.

அவை நிறைவேற்றினாலும் ஆளுநரின் ஒப்புதல் வராமல் எதுவும் சட்டமாகாது. எங்கள் டாக்டர் அம்மா எடை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தடித்து, கடைசியில் ஒரு நாள் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தோம்.

வந்த பிறகும் பெயர் வைக்கவில்லை. அத்தையும் அப்பாவும் கேட்கவே இல்லை. மகள் ஒரு தும்மல் தும்மினால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், பழைய பெயர்கள் யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது மனைவி, "திங்கக்கெழம லீவ் போடு. தாம்பரம் மாநகராட்சி ஆபீஸ் போய் பேர் சேத்துட்டு வரலாம்" என்றாள். என்ன பெயர் என்றேன். "அங்க சொல்றேன்." கணக்கு டீச்சர்கள் வழியைக் காட்டாமல் விடையைச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை பல்லாவரத்திலிருந்தும் அப்பா மாடம்பாக்கத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். நான்கு பேரும் ஒரு குழந்தையுமாக வரிசையில் நின்றோம். முறை வந்தது. கண்ணாடி போட்ட ஊழியர் அம்மா, படிவத்தில் மகள் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்ளோ நாள்? நல்ல பேரா கெடைக்கலையா?" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

முதல் பிரிவு, தலைப்பு என்று ஒரு பிரசங்கத்துக்கு நான் தொண்டையைக் கனைத்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"பேர் அப்பவே ரெடி மேடம். இன்குபேட்டர் உள்ள கை விட விட்டாங்கள்ல, அந்த மொத நாள்ல இருந்து அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வெளிய சொல்ல தைரியம் இல்ல. இவ வரட்டும்னு இருந்தேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பெயரே வேண்டாம் என்று சொன்னவள், அத்தனை நாளும் அதை வாயில் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை. கோபம் வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அரசு அலுவலகம் என்பதால் பேசாமல் நின்றேன்.

அவள் பெயரைச் சொன்னாள். இரண்டு பக்கமும் முன்னே சொன்னதில் எதுவும் இல்லை. இங்கே அதை எழுதப் போவதில்லை, அது என் மகளுடையது. ஊழியர் அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிவிட்டு, திரையைப் பார்த்து உரக்க வாசித்தார். தோளில் கிடந்த மகள் தலையைத் தூக்கி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"இதானே? சரியா இருக்கா?" என்று ஊழியர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

சொல்ல வேண்டியது ஒரே சொல். எத்தனை தாளில் அடித்திருக்கிறேன் அதை. தொண்டையை விட்டு அது வெளியே வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பாவும் அத்தையும்தான், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஆமா."